நோன்புக் கஞ்சிக்கு அடங்கிய முதுகுவலி

அன்புள்ள டிரைவர் பாய்,

இன்று மாலை ஐந்து மணிக்குக் கிளினிக் ஜன்னலைத் திறந்தேன். எதிர்த் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி இறக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. முழங்கால் வலிக்காகப் படுத்திருந்த டீச்சர் ஒருவர், "என்ன டாக்டரம்மா, தானாச் சிரிக்கிய?" என்று கேட்டார். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை. "ஒரு பேஷண்ட் ஞாபகம் வந்திருச்சு டீச்சர்" என்றேன்.

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. உங்களை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வருகிறது. அழுகை வந்தாலும் அதற்குப் பின்னால், தயங்கித் தயங்கித்தான் வருகிறது. இந்த வரிசை உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு முன்னால் உங்கள் பஸ்தான் எனக்குப் பழக்கம். வத்திராயிருப்பில் கிளம்பி, சுந்தரபாண்டியம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரும் அந்தத் தனியார் பஸ்ஸில் நான் தினசரிப் பயணி. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், கிளினிக் ராஜபாளையத்தில். காலையில் கைப்பையும் சாப்பாட்டுக் கூடையுமாக நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டால் பஸ் நகராது. "டாக்டரம்மா வாராவ, செத்த நேரம் பொறுங்கப்பா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிப்பீர்கள். மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "வலிய எடுக்கிறவிய எல்லாரும் டாக்டர்தான்" என்று முடித்துவிடுவீர்கள்.

அந்த வருடம் நோன்பு நல்ல வெயில் காலத்தில் வந்தது. ஒரு நாள் மதியம், பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, கண்டக்டர் முருகேசனோடு கிளினிக்குக்கு வந்தீர்கள். நடு முதுகில் வலி, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவே. "இருவத்தெட்டு வருச ஸ்டியரிங், டாக்டரம்மா. முதுகு கேள்வி கேக்க ஆரம்பிச்சிருச்சு" என்றீர்கள். மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் பத்து நாளாக, விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னீர்கள்.

டிரைவர், ஐம்பத்து நான்கு வயது, முதுகுவலி. நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. சீட்டையும் ரோட்டையும் குறை சொன்னேன். ஒத்தடம் வைத்தேன், தசையைத் தளர்த்தினேன், நெஞ்சை விரித்துச் செய்கிற இரண்டு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று முறை வந்தீர்கள். மூன்று முறையும் "சொகமா இருக்கு" என்றுதான் சொன்னீர்கள். மறுநாள் வலி அதே இடத்தில் அப்படியே இருக்கும்.

இதை இவ்வளவு நாளும் உங்களிடம் நேராகச் சொல்லவில்லை, பாய். அந்த மூன்று முறையும் கேட்க வேண்டிய கேள்விகள் எனக்குத் தெரியும். படிக்கும்போது மனப்பாடமாகச் சொன்னவைதான். சாப்பாட்டுக்கும் வலிக்கும் தொடர்பு உண்டா, எடை குறைகிறதா, மலம் என்ன நிறத்தில் போகிறது. வயிற்றுக்குள் இருக்கிற கோளாறு சிலபோது வயிற்றைக் காட்டாமல் முதுகையும் தோளையும் காட்டும் என்பதும் தெரியும். ஆனால் எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தினமும் ஊரறிய என்னை மரியாதையாக பஸ் ஏற்றுகிற மனிதரிடம், முருகேசனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போய் எதைக் கேட்பது! கூச்சப்பட்டேன். கூச்சத்துக்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டு, பார்த்தாலே தெரிகிறதே என்று இருந்துவிட்டேன்.

நான்காவது முறை உங்களைக் குப்புறப் படுக்கவைத்து முதுகெலும்பு முழுக்க ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தேன். எங்கேயும் வலிக்கவில்லை. குனியச் சொன்னேன், திரும்பச் சொன்னேன், கையைத் தூக்கச் சொன்னேன். எதற்கும் வலி கூடவில்லை, குறையவுமில்லை. முதுகில் இருக்கிற வலி என்றால் முதுகு அசையும்போது ஏதாவது சொல்ல வேண்டுமே?

"இப்ப வலி இருக்கா பாய்?"

"இருக்கே. மத்தியானம் மூணு மணிக்கு ஆரம்பிச்சா நோன்பு தொறக்குற வரைக்கும் இருக்கும். கஞ்சி குடிச்சேன்னு வைங்க, பத்து நிமிசத்துல போயிரும். அல்லாவோட பரக்கத்து."

என் கை அப்படியே நின்றது.

"தெனமுமா?"

"தெனமும். விடியக்காலம் வலி வந்து எழுப்பி விட்டிரும். சஹர் சாப்பிட்டா அதும் போயிரும். அலாரமே வேண்டாம் போங்க."

கஞ்சிக்கு அடங்குகிற முதுகு எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாய். அந்த வலி முதுகுடையது இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து உட்காரச் சொன்னேன். எழுந்தீர்கள், லேசாக ஆடி, என் மேசையைப் பிடித்துக்கொண்டீர்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. முருகேசனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"பாய், மோஷன் என்ன கலர்ல போகுது?"

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். சுவரில் மாட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தீர்கள். "இது என்ன கேள்வி டாக்டரம்மா?"

"சொல்லுங்க பாய். முக்கியம்."

"கறுப்பாத்தான் போகுது. நாலஞ்சு நாளா. நோன்புக்குப் பேரீச்சம்பழம் தின்னுதேன்லா, அதான்."

"தார் மாதிரி ஒட்டிக்கிட்டு, ஒரு மாதிரி வாடையோட போகுதா?"

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினீர்கள். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து வளைவுகளில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங் திருப்புகிறவர், ஒரு கேள்விக்கு வெட்கப்பட்டுப் புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை அப்போது. குடலில் எங்கேயோ புண், அதில் ரத்தம் கசிகிறது, நான் ஒத்தடம் வைத்துக்கொண்டிருக்கிறேன், வலி மாத்திரை அந்தப் புண்ணை மேலும் அரித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே தலைக்குள் ஓடியது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும் பாய்."

"அஞ்சு மணிக்கு வண்டி எடுக்கணுமே. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

"நாளைக்குக் கூடாது."

"போனா நோன்ப விடச் சொல்லுவாவ. இருவத்தொண்ணு முடிஞ்சிருச்சு. எம்புட்டு பாக்கி? ஒம்பதே ஒம்பது. பன்னெண்டு வயசுல இருந்து ஒண்ணு விட்டதில்ல டாக்டரம்மா." குரலில் கோபம் ஏறியிருந்தது. என்னிடம் நீங்கள் கோபப்பட்ட ஒரே நாள் அதுதான்.

உங்கள் நோன்பைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன். "இப்பவே எந்திரிச்சா ஆடுதிய. ஸ்டியரிங்ல உக்காந்திருக்கும்போது மயங்கி விழுந்தா?"

நீங்கள் வாசலைப் பார்த்தீர்கள். சட்டைப் பையில் இருந்து வண்டிச் சாவியை எடுத்து, "ஏலே முருகேசா, ஷெட்டுக்குப் போன் போடு. வேற ஆள் வரட்டும்" என்றீர்கள். பிறகு வீட்டுக்குப் போன் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டீர்கள். உங்கள் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அக்காவிடம் விவரம் சொன்னேன். அக்கா ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"நோயாளிக்கு அல்லாவே விலக்கு குடுத்திருக்கான். ஒங்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா? ஒடம்பு தேறட்டும், பொறவு ஒம்பதயும் பிடிச்சுக்கிடலாம். நானும் கூட பிடிக்கேன். இப்ப அந்தப் பிள்ள சொல்லுறதக் கேட்டு ஆட்டோவுல ஏறுங்க."

ஏறினீர்கள். நானும் ஏறினேன். டாக்டருக்குக் கொடுக்க நான்கு வரி எழுதினேன். வழியெல்லாம் எனக்கு ஒரு பயம். ஒருவேளை நான் சொன்னது தப்பாக இருந்தால்? பேரீச்சம்பழம்தான் காரணமென்றால்? இருபத்தொரு நோன்பு பிடித்தவரை ஒன்றுமில்லாததற்கு நிறுத்திவிட்டேன் என்றால், அந்த பஸ்ஸில் நான் எந்த முகத்தோடு ஏறுவேன்?

தப்பாக இல்லை. அன்று மாலையே ரத்தம் ஏற்றினார்கள். ஒரு பாட்டிலுக்கு ஈடாக முருகேசன் ரத்தம் கொடுத்தார், இன்னொன்றுக்கு ஷெட் மெக்கானிக். மறுநாள் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறுகுடல் தொடங்குகிற இடத்தில், பின்பக்கச் சுவரில், புண். பின்பக்கம் என்பதால்தான் வலி முதுகில் தெரிந்தது. கசிவை அங்கேயே அடைத்தார்கள். புண்ணுக்குக் காரணமான கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி மாத்திரையை வாழ்நாள் முழுக்கத் தொடக்கூடாது என்றார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னபோது, அக்கா என் கையைப் பிடித்த பிடி இன்றும் மணிக்கட்டில் இருக்கிறது.

பெருநாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தட்டு நிறையப் பிரியாணி வைத்தீர்கள். உங்கள் தட்டில் இரண்டு இட்லி. நான் ஒவ்வொரு வாய் எடுக்கும்போதும் "எப்படி இருக்கு? கறி வெந்திருக்கா? எலும்பச் சூப்புங்க" என்று கேட்டுக் கேட்டு, என் வாய் வழியாகவே நீங்கள் பிரியாணி சாப்பிட்டு முடித்தீர்கள். அக்கா அடுப்படி வாசலில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். நான்கு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, ஒன்பது நோன்பையும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தீர்கள். வலி வரவில்லை. அந்த மழைக்காலத்தில் இரண்டு வீட்டாரும் வேன் பிடித்து அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். கொட்டுகிற தண்ணீருக்குக் கீழே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "எம்புட்டுத் தண்ணி விழுந்தாலும் வலிக்கல பாத்தியளா!" என்று நீங்கள் கத்தியதில் பாறை மேல் இருந்த குரங்குகள் எல்லாம் ஓடிவிட்டன.

நான் ஒரு தடவை கேட்கக் கூசிய கேள்வியை, அதற்குப் பிறகு நீங்கள் ஊர் முழுக்கக் கேட்க ஆரம்பித்தீர்கள். பஸ்ஸில் எவராவது "முதுகு வலிக்கே" என்று சொல்லிவிட்டால் போதும். "குனிஞ்சா வலிக்கா, தின்னா வலிக்கா? ராத்திரி வலி எழுப்புதா? எடை கொறஞ்சிருக்கா? வலி மாத்திரை எத்தன நாளா போடுதிய?" பிறகு அந்தக் கடைசிக் கேள்வி, இன்ஜின் சத்தத்தையும் மீறி. பெண்கள் பக்கம் என்றால் மட்டும் கொஞ்சம் நாகரிகமாக, "மத்ததெல்லாம் நல்லாப் போகுதா?" முருகேசன் தலையில் அடித்துக்கொள்வார். காலேஜ் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "சிரிங்க, சிரிங்க. நான் வெக்கப்பட்டுக்கிட்டே செத்துப் போகப் பாத்தேன்" என்பீர்கள்.

சுந்தரபாண்டியத்தில் இருந்து பூக்கூடையோடு ஏறுகிற செல்லம்மாக்கா வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்ததைக் கண்ணாடியில் பார்த்தது நீங்கள்தான். கையைத் தூக்கச் சொல்லி, சுலபமாகத் தூக்குவதைப் பார்த்து, "அப்பம் எப்ப வலிக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

"வடை, பஜ்ஜி தின்ன அன்னைக்குத்தான் பாய். ராத்திரி காச்சலும் வருது."

கண் மஞ்சளாக இருக்கிறதைப் பார்த்துவிட்டு, ஸ்டாப்பே இல்லாத என் கிளினிக் வாசலில் பஸ்ஸை நிறுத்தினீர்கள். பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, உள்ளே பயணிகள் சத்தம் போட, நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்து, நீங்கள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "டாக்டரம்மா! தோளு இல்ல, பித்தப்பை மாதிரி தெரியுது!" என்று கத்தினீர்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் செல்லம்மாக்காவைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பித்தப்பையில் கல், ஒன்று குழாயை அடைத்திருந்தது. இப்போது செல்லம்மாக்கா எனக்கு மட்டும் ஒரு முழம் கூடுதலாக அளந்து தருகிறார். உங்கள் பஸ் கண்ணாடிக்கு நீங்கள் ஓய்வு பெறும்வரை தினமும் ஒரு சரம் வந்தது.

எல்லாம் வெற்றிக் கதை இல்லை. மகாராஜபுரத்துக்காரர் ஒருவர், மில்லில் வேலை, இடுப்பு வலியோடு வந்தார். எடை குறைந்திருந்தது, பசி இல்லை என்றார். எனக்குச் சந்தேகம். ஸ்கேன் எடுக்கச் சொல்லி அனுப்பினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. மறுநாள் கிளினிக்கில் வந்து நின்று, "ஒண்ணுமில்லன்னுட்டாவ. லீவு போட்டு அலைஞ்சதுதான் மிச்சம். ஒங்களுக்கு எதப் பாத்தாலும் பயமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை பஸ்ஸில் உங்கள் பின்சீட்டில் வந்து பேசாமல் உட்கார்ந்தேன். இரண்டு ஸ்டாப் பொறுத்துப் பார்த்தீர்கள்.

"என்ன, மொகம் இப்படித் தொங்குது?"

சொன்னேன். இனிமேல் நிச்சயமாகத் தெரியாமல் யாரையும் அனுப்பப் போவதில்லை என்றும் சொன்னேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "ஒரு மனுசன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டிருக்கிய? அதுக்கு முட்டாயில்லா குடுக்கணும்."

சொன்னதோடு விட்டீர்களா! ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் பஸ்ஸை நிறுத்தி, இறங்கிப் போய், ஒரு கிலோ பால்கோவா வாங்கி வந்தீர்கள். அந்த மில்காரர் அதே பஸ்ஸில் பின்பக்கம் உட்கார்ந்திருந்தது எனக்கு அதுவரை தெரியாது. நேரே அவரிடம் போய் முதல் துண்டை அவர் கையில் வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்து, "அண்ணனுக்கு டெஸ்ட்ல ஒண்ணுமில்லையாம்! எல்லாரும் எடுத்துக்கோங்க!" என்றீர்கள். மொத்த பஸ்ஸும் தின்றது. அவர் முதலில் முறைத்தார். பக்கத்தில் இருந்த பாட்டி ஒருத்தி, "நல்லா இருப்பே மகனே" என்று அவர் தலையில் கை வைத்ததும் முகம் மாறிவிட்டது. கிருஷ்ணன்கோவில் வருவதற்குள் நீங்கள் அவரிடம், மில்லில் மூட்டை தூக்கும்போது முதுகை எப்படி வைக்க வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததையே என் பெயரால் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். முருகேசன் சொன்னார். அடுத்த வாரம் அவர் மறுபடி என்னிடம் வந்தார்.

போன ஐப்பசியில் மதியம் மீன்குழம்புச் சாப்பாடு முடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். வலி எதுவும் உங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே வந்துபோய்விட்டது. உங்கள் எல்லாக் கேள்விகளையும் ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்து அன்று அழுதேன். வத்திராயிருப்பில் இருந்து ராஜபாளையம் வரை அந்த வழியில் ஓடுகிற டிரைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

கடைசியாக ஒரு செய்தி. அதற்காகத்தான் இந்த மடலே. தை மாதம் அக்கா முதுகுவலி என்று என்னிடம் வந்தார். ஆளே இளைத்துப் போயிருந்தார். நான் வாயைத் திறக்குமுன், கட்டிலில் உட்கார்ந்தபடியே விரலை மடக்கினார். "சாப்பாட்டுக்கும் வலிக்கும் சம்பந்தம் இல்ல. ராத்திரி எழுப்பல. மாத்திரை போடல. எடை ஆறு கிலோ கொறஞ்சிருக்கு. கலர் நல்ல கலர்தான்." உங்கள் வரிசை, உங்கள் இழுவை.

எடையை நான் விடவில்லை. துக்கத்தில் சாப்பிடாமல் இளைத்திருக்கலாம், ஆனாலும் 'இருக்கலாம்' என்பதை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது என்று கற்றுக்கொண்டவள் அல்லவா? ரத்தம், ஸ்கேன், குழாய் எல்லாம் பார்க்கச் சொன்னேன். கூடவே போனேன். எல்லாம் சுத்தம். முடிவு வந்தவுடன் முருகேசனுக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் பஸ்ஸிலேயே "அக்காவுக்கு ஒண்ணுமில்லையாம்!" என்று கத்தியது எனக்குக் கேட்டது.

அக்காவுக்கு இடுப்பில் ஒரு தசை இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். மாசக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் வருவது. இப்போது வாரம் இரண்டு நாள் வருகிறார். சாப்பிடுகிறார். இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். நேற்றும் வந்தார். பயிற்சி முடிந்து எழும்போது "ஸ்" என்று இடுப்பைப் பிடித்தார். என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, இது வெறும் முதுகுவலிதான?"

"வெறும் முதுகுவலிதான்க்கா."

நீங்கள் போனபிறகு முதல் முறையாக அக்கா வாய்விட்டுச் சிரித்தார். வலிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். கேட்கக் கூசாத வாயும், ஒன்றுமில்லை என்று வந்தால் கொண்டாடத் தெரிந்த மனசும் உங்களிடம் இருந்து என்னிடம் வந்தவை, பாய். இரண்டையும் தினமும் கிளினிக்குக்கு எடுத்துப் போகிறேன்.